வரப்பில் புதைத்தது

வாசிக்கும் முறை வந்தபோது மருதையன் தூங்கிக்கொண்டிருந்தான். பாயில் சம்மணம் போட்டு, நீலப் புத்தகத்தை மடியில் விரித்து, தலையைக் குனிந்துகொண்டால் பார்க்கிறவர்களுக்கு ஜெபம் பண்ணுகிறவன் மாதிரிதான் இருக்கும். மகள் எஸ்தருக்கு மட்டும் வித்தியாசம் தெரியும். முழங்கையால் இடித்தாள். மனைவி அம்சம் வசனத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். மாடு கறந்து முடித்து, பள்ளிக்கூடத்துக்கு நேரமாவதற்குள் தினமும் காலையில் நடக்கிற வாசிப்பு இது. ஆளுக்குக் கொஞ்சமாக மாறி மாறி வாசிக்க வேண்டும். முடிந்ததும், வாசித்ததை வைத்து இன்றைக்கு என்ன செய்யப்போகிறோம் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கடைசிப் பகுதிதான் மருதையனுக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

"கோபப்பட மாட்டேன்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தான். அம்சம் ஏற்றுக்கொள்ளவில்லை. மாட்டேன் என்பது செய்கிறது ஆகாது, சின்னதாக இருந்தாலும் செய்கிறதாகச் சொல்லுங்கள் என்றாள். அதற்குப் பிறகு, எப்படியும் செய்யப்போகிற வேலைகளில் ஒன்றைச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தான். மாட்டுக்கு வைக்கோல் போடுவது இதுவரை பல தடவை வேதத்தின் பேரால் நடந்திருக்கிறது.

அவர்கள் மார்மன் சபைக்காரர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த அந்தக் கிறிஸ்தவச் சபைக்கு பைபிளோடு இந்த நீலப் புத்தகமும் வேதம். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்த காலத்தில், வெள்ளைச் சட்டையும் டையும் பேர் எழுதிய பட்டையுமாக இரண்டு இளைஞர்கள் வெயிலில் வியர்த்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்ததில் ஆரம்பித்து ஞானஸ்நானத்தில் முடிந்தது. திருவிடைமருதூர்க்காரி அம்சத்தை அவன் பார்த்ததும் அந்தச் சபையில்தான். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிற சொந்த ஊருக்குத் திரும்பிய பிறகு, ஆராதனைக்குப் போக வேண்டுமென்றால் ரயிலேற வேண்டும். நடவு காலத்தில் அதுவும் முடியாது. அதனால் காலை நேரத்துப் பாயும் நீலப் புத்தகமும்தான் அவர்களுக்குக் கோயில், குரு, எல்லாம். ஊருக்கு அவர்களுடைய போதனை எதுவும் தெரியாது. டீ, காப்பி தொட மாட்டார்கள் என்பது தெரியும். 'டீ குடிக்காத வேதம்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

மருதையனின் அண்ணன் இராஜாங்கம் கட்சியின் கிளைச் செயலாளர். சாமியும் இல்லை, பூதமும் இல்லை என்று மைக் பிடித்து ஊருக்கே சொன்னவர். கரை போட்ட துண்டு தோளில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அதில் ஒரு கறை பட்டால் அன்றைக்கு வீட்டில் சமையல் சரியாக நடக்காது. தம்பி வேதம் மாறியதைக் கேட்டு, "உள்ளூர்ச் சாமியே வேணாங்கறேன், நீ வெளிநாட்டுலேருந்து எறக்குறியா" என்று சிரித்தாரே தவிர, கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டது அண்ணி தங்கம்மாள்தான். வீட்டுக்கு வந்த புது மருமகளுக்கென்று பார்த்துப் பார்த்துப் போட்ட காப்பியை அம்சம் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தபோது அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் நல்ல மனசுக்காரி. சில நாள் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, அதற்கப்புறம் அவர்கள் வந்தால் தருவதற்கென்று தனியாக மோர் எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

அதெல்லாம் போன வருஷம் வரைக்கும்.

நிலம் கோயில் நிலம். பண்ணையாளாக இருந்த அப்பா, கொடி பிடித்து, அடி வாங்கி, ஜெயிலுக்கும் போய்வந்து நிலைநிறுத்திக்கொண்ட குத்தகை. விளைந்த நெல்லைப் பண்ணையின் ஆட்கள் அறுக்க வந்த அன்றைக்கு, அவர் ஒற்றை அரிவாளோடு வரப்பில் நின்றார் என்பது ஊர் அறிந்த கதை. அவர் காலத்துக்குப் பிறகு பாகம் பிரித்தபோது நிலம் சமமாகப் பிரிந்தது. அரிவாள் ஒன்றுதான் இருந்தது, அதை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்தார். மடையும் ஒன்றுதான். அதைப் பிரிக்க வழியில்லை. வாய்க்காலிலிருந்து வருகிற தண்ணீர் நடுவரப்பு மடையில் இரண்டு கண்களாக, அதாவது இரண்டு திறப்புகளாகப் பிரிந்து, ஒன்று அண்ணன் வயலுக்கும் ஒன்று தம்பி வயலுக்கும் போகும். தண்ணீர் நிறைய வந்த காலத்தில் யாருக்கு முதலில் என்ற கேள்வியே எழவில்லை.

போன வருஷம் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. மருதையனின் நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்தது. அவன் போய்ப் பார்த்தபோது இராஜாங்கம் அவன் பக்கத்துக் கண்ணை அடைத்துவிட்டுத் தன் பக்கத்தை மண்வெட்டியால் வெட்டித் திறந்துகொண்டிருந்தார். மருதையன் வீட்டுக்கு ஓடி அரிவாளோடு திரும்பினான். ஓங்கியும் விட்டான். அண்ணன் விலகவில்லை. மண்வெட்டியைப் பிடித்தபடி, "வெட்டுடா" என்றார், அவ்வளவுதான். யார் யாரோ ஓடிவந்து பிடித்தார்கள். அந்த வருஷம் மருதையனுக்கு அறுப்பு இல்லை. நாற்று கருகியது கூட மறந்துபோனது. அண்ணனின் கழுத்தும் அதில் ஓடிய நரம்பும்தான் அவனுக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

இந்த வருஷம் அணை திறக்கப்போவதாக ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். தண்ணீர் குறைவுதான் என்றும் சொன்னார்கள். இவர்கள் வாய்க்காலுக்கு வந்துசேர இன்னும் ஒரு வாரம் ஆகலாம். வந்தால் மறுபடியும் அதே மடை, அதே இரண்டு பேர். இந்தத் தடவை பிடிப்பதற்கு ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்ற நினைப்பு மருதையனை விட்டுப் போகவில்லை.

எஸ்தர் இடித்து எழுப்பிய அன்றைக்கு வாசிப்பில் பழங்காலத்து ஜனங்கள் சிலர் வந்தார்கள். ரத்தம் சிந்திச் சிந்திக் கை கறைபட்டவர்கள். இனி ஒரு மனிதனையும் வெட்டுவதில்லை என்று சத்தியம் பண்ணி, தங்கள் வாள்களையெல்லாம் மண்ணில் ஆழமாகப் புதைத்துவிட்டார்கள். பகைவர்கள் மேலே வந்து விழுந்தபோதும் தோண்டி எடுக்கவில்லை. மருதையனுக்குத் தூக்கம் முழுசாகக் கலைந்தது. முறை முறையாகச் சொல்லும்போது எஸ்தர் தோழியின் பென்சிலைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னாள். அம்சம் என்னவோ சொன்னாள், அவன் காதில் விழவில்லை. உத்தரத்தில் செருகியிருந்த அரிவாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா அருவாளைப் புதைச்சிடறேன்" என்றான்.

அம்சம் அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வருஷமாக அதைத்தான் கேட்டு அவள் தனியாக முழங்கால் போட்டு ஜெபித்துக்கொண்டிருந்தாள் என்பது அவனுக்குத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மூடினாள்.

சொன்னதைச் சொன்ன அன்றே செய்ய வேண்டும் என்பதும் விதி. உச்சி வெயிலில் வயலில் ஈ காக்கை இருக்காது என்று அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தான். மாட்டுக் கொட்டகையில் வண்டி அச்சுக்கு வைத்திருந்த கிரீஸ் டப்பாவைத் திறந்து அரிவாளுக்கு நன்றாகத் தடவி, யூரியாச் சாக்கில் சுற்றிக் கட்டி எடுத்துக்கொண்டான். எங்கே ஓங்கினானோ அங்கேதான் புதைக்க வேண்டும் என்று தோன்றியது. நடுவரப்பில், மடையை ஒட்டி, முழங்கை ஆழத்துக்கு வெட்டிப் புதைத்து, மேலே மிதித்துவிட்டு நிமிர்ந்தபோது மனசு லேசாக இருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த காத்தாயி கருவேல நிழலில் உட்கார்ந்து முழுசையும் பார்த்ததை அவன் கவனிக்கவில்லை.

அடுத்தவன் வயலை ஒட்டி உச்சிப்பொழுதில் ஒருத்தன் எதையோ கட்டிக் கொண்டுவந்து புதைத்தால், அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். மருதையனுக்கும் தெரியும். ஆனால் காலையில் வாசித்த ஜனங்களோடு அவன் மனசு எங்கேயோ போயிருந்தது. உள்ளூர் வழக்கம் ஞாபகத்துக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் இராஜாங்கத்தின் கறவைப் பசு வயிறு ஊதிச் செத்தது. எங்கேயோ போய் எதையோ தின்றிருக்கும். காத்தாயி வாயைத் திறக்க அதற்கு மேல் என்ன வேண்டும்? டீ குடிக்காத வேதத்துக்காரன் அண்ணனுக்குச் செய்வினை வைத்துவிட்டான், தகட்டைச் சாக்கில் சுற்றி நடுவரப்பில் இறக்கிவிட்டான் என்று பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பேச்சு. குழாயடியில் அம்சத்தைக் கண்டதும் மற்ற பெண்கள் குடங்களை நகர்த்திக்கொண்டார்கள். அவள் பாதிக் குடத்தோடு திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். சமாதானத்துக்கென்று செய்தது பகையாகப் போய்விட்டதே என்றாள். அண்ணனிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடுங்கள் என்றாள். சொன்னால் யார் நம்புவார்கள் என்று மருதையன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை, வாசிப்பின் நடுவில், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இராஜாங்கம் தெருவிலேயே நின்றார், தோளில் துண்டு, கையில் மண்வெட்டி. அவர் முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மருதையன் பார்த்தான்.

"எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கெடையாது" என்றார் இராஜாங்கம், யாரோ அவரைக் குற்றம் சாட்டியது மாதிரி. "ஒங்க அண்ணி சோறு திங்க மாட்டேங்கறா. வந்து எடத்தைக் காட்டு."

ஒரு வருஷத்தில் அண்ணன் பேசிய முதல் பேச்சு அது. மருதையன் எழுந்து பின்னால் நடந்தான். இடத்தைக் காட்டியதும் இராஜாங்கம் தானே வெட்ட ஆரம்பித்தார். நம்பிக்கை இல்லாதவர்தான், ஆனால் சாக்கு தென்பட்டதும் மண்வெட்டி நின்றது. நெற்றியில் வியர்த்துவிட்டது. மருதையன் குழியில் கையை விட்டு எடுத்துக் கட்டை அவிழ்த்தான்.

இராஜாங்கம் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"அப்பா அருவா" என்றார்.

மருதையன் சொல்லத் தொடங்கினான். அந்த ஜனங்களைப் பற்றி, வாள்களைப் பற்றி, காலையில் ஆளுக்கொன்று சொல்கிற வழக்கத்தைப் பற்றி. கோர்வையாக வரவில்லை. ஆண்டவர் பெயர் வந்த இடங்களில் அண்ணனுக்குப் பயந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான். மாற்றுக் கட்சிக்காரன் பேச்சைக் கேட்பது போல இராஜாங்கம் முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டார். கேட்டுக்கொண்டே கட்டைவிரலால் இரும்பைத் தடவி, விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"கிரீஸ் தடவியிருக்கே."

"துருப் புடிச்சிடும்ணே" என்றான் மருதையன்.

"பொதைச்சிட்டவனுக்குத் துருப் புடிச்சா என்னடா?"

உழவுக்காரன் கை, இரும்பைக் கண்டால் கிரீஸைத் தேடும் என்று மருதையன் சொல்லியிருக்கலாம். அது உண்மையில் பாதிதான். மீதிப் பாதியை அண்ணன் விரலால் தொட்டே கண்டுபிடித்துவிட்டார். இந்த வருஷமும் அண்ணன் மடைக் கண்ணை அடைத்தால் என்ன செய்வது என்று அவனுக்குள்ளேயே ஒருத்தன் கேட்டிருக்கிறான். அவன்தான் கிரீஸ் டப்பாவைத் திறந்திருக்கிறான், அவன்தான் சாக்கைக் கட்டியிருக்கிறான். நீலப் புத்தகத்து ஜனங்கள் தங்கள் வாள்களுக்கு எதையும் தடவியிருக்க மாட்டார்கள். வெட்கத்தில் மருதையனுக்குக் காது சுட்டது.

இராஜாங்கம் தோளிலிருந்து துண்டை எடுத்தார். பிடியிலிருந்து நுனி வரைக்கும் அரிவாளை அழுத்தித் துடைத்தார். கருப்பு கிரீஸ் கட்சிக் கரையிலெல்லாம் ஏறியது. துடைத்த வெறும் இரும்பைக் குழியில் வைத்துவிட்டு, துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு வரப்போடு நடந்து போய்விட்டார். அவர் மண்வெட்டி, போன வருஷம் கண்ணை வெட்டித் திறந்த அதே மண்வெட்டி, வரப்பில் குத்தியபடி நின்றது. மறந்துவிட்டாரா, விட்டுவிட்டுப் போனாரா என்று மருதையனுக்குப் புரியவில்லை. அந்த மண்வெட்டியாலேயே மண்ணைத் தள்ளிக் குழியை மூடினான். பிறகு இருந்த இடத்திலேயே அதைக் குத்தி நிறுத்தினான். யாரும் அதை எடுத்துப்போகவில்லை.

நடந்ததை அன்றைக்கே அம்சத்திடம் ஒளிக்காமல் சொன்னான், கிரீஸ் உட்பட. அவள் திட்டவில்லை. "அப்ப இன்னும் பாக்கி இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

தண்ணீர் வந்துவிட்டது என்று சேதி வந்த காலையில் மருதையன் தூங்காமல் வாசித்தான். அவன் முறை வந்ததும், "மடைக்குப் போறேன்" என்றான். என்ன செய்யப்போகிறீர்கள் என்று அம்சம் கேட்கவில்லை. எஸ்தர் கேட்க வாயெடுத்தாள், அம்மா கையை அழுத்தினாள்.

வாய்க்காலில் சருகும் நுரையுமாகத் தண்ணீர் நகர்ந்து வந்தது. ரேடியோ பொய் சொல்லவில்லை, குறைச்சல்தான். ஒரு வயலுக்குப் பாய்ந்து முடித்தால் அடுத்த வயலுக்கு மிஞ்சுமா என்பது சந்தேகம். வரப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் நாற்றங்கால், இந்தப் பக்கம் அவனுடையது, கோடை மழையை நம்பி விதைத்த இரண்டுமே மஞ்சள் அடித்திருந்தன. இந்த வருஷமும் அறுப்பில்லை என்றால் மறுபடி பெங்களூர்தான், மறுபடி சித்தாள் வேலைதான். அண்ணனின் மண்வெட்டியைப் பிடுங்கி எடுத்தான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு தன் பக்கத்துக் கண்ணில் நாலு வெட்டு மண்ணைப் போட்டு அடைத்தான். அண்ணன் பக்கத்தைத் திறந்தான். தண்ணீர் தயங்கி, திரும்பி, அண்ணன் வயலுக்குள் இறங்கிய சத்தம் கேட்டபோது அவன் தன் நாற்றங்காலைத் திரும்பிப் பார்த்தான். மனசில் இருந்ததைச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

மண்வெட்டியைப் பழைய இடத்திலேயே குத்திவிட்டு நிமிர்ந்தான். தூரத்தில் வரப்பு மேல் இராஜாங்கம் வந்துகொண்டிருந்தார். தோளில் அதே துண்டு, துவைத்தும் போகாத கருப்புக் கறையோடு. மடையைப் பார்த்ததும் அவர் நடை ஒரு கணம் நின்றது, பிறகு மெதுவாக மறுபடி தொடங்கியது. அவர் கையில் தங்கம்மாளின் தூக்குவாளி ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பது டீயா, மோரா என்று மருதையன் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.