கோனையில் கேட்ட குரல்

பஸ் கிளப்பிய தூசி அடங்கும்வரைகூட குணசுந்தரி நிற்கவில்லை. பொங்கல் பானையைத் துணியில் கட்டி இடுப்பில் ஏற்றிக்கொண்டு, முன்பின் தெரியாத மலைப்பாதையில் தினமும் போய்வருகிறவளைப் போல நடக்க ஆரம்பித்துவிட்டாள். கும்மிடிப்பூண்டி இரும்புப் பட்டறையில் சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்டுவிட்டு வந்திருந்த அவள் அண்ணன் துளசிராமன் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது. போன வருஷம் இதே காணும் பொங்கலன்று அவள் புருஷன் தேசப்பன் இங்கேதான் மடுவில் விழுந்து செத்துப்போனான். வருஷம் திரும்பியதும், அந்த இடத்தைக் கண்ணால் பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்று வந்துவிட்டாள்.

இரண்டு மலைகளுக்கு நடுவில் ஓடை இறங்கிவரும் பள்ளத்தாக்கை அந்தப் பக்கத்தில் கோனை என்பார்கள். அதன் முடிவில் ஒரு அருவி, அருவியோரக் குகையில் ஒரு லிங்கம். காணும் பொங்கலுக்கு ஆரம்பாக்கத்துக் குடும்பங்களும் ஆந்திரப் பக்கத்து ஜனங்களும் பம்பை அடித்துக்கொண்டு, பாதி தமிழும் பாதி தெலுங்குமாகப் பாடிக்கொண்டு, ஓடையைத் தாண்டித் தாண்டிப் போவார்கள். வளைவில் கற்குவியல் ஒன்று உண்டு. போகிறவர்கள் ஆளுக்கொரு கல்லை அதன்மேல் வைத்துவிட்டுப் போக வேண்டும். குணசுந்தரியும் வைத்தாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று அவன் கேட்கவில்லை.

கோனைக்குள் இன்னொரு சட்டமும் உண்டு. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் உடனே பதில் கொடுக்கக் கூடாது. பேய் இரண்டு தடவைதான் கூப்பிடும், மூன்றாவதுக்கு அதற்கு நாக்கு எழாது. மனுஷன் என்றால் மூன்று தடவை கூப்பிடுவான், அப்புறம்தான் 'ஓய்' சொல்லலாம். போன வருஷம் தேசப்பனும் துளசிராமனும் இங்கே வரக் கிளம்பும்போது குணசுந்தரி அண்ணனைத் தனியாக இழுத்துவைத்துச் சொன்னாள்: "உள்ள யார் கூப்ட்டாலும் மூணுக்கு மின்ன வாயத் தொறக்காதணா. என் தலைல கை வெச்சி சத்தியம் பண்ணு." அவன் பண்ணினான். புருஷனிடம் அவள் கேட்கவில்லை. அந்த மனுஷன் சிரித்தே கொன்றுவிடுவான்.

தேசப்பன் துண்டை மறப்பதில் மன்னன். கல்யாணத்தன்றுகூட மணவறையில் துண்டை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனவன். அன்றும் மடுவில் குளித்துவிட்டுப் பாதி தூரம் வந்ததும், "துண்ட வுட்டுட்டேன் மச்சான், நீ நட, தோ வந்துடறேன்" என்று திரும்பிப் போனான். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து "மச்சான்" என்று ஒரு குரல். துளசிராமன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். "மச்சான்" என்று மறுபடியும். மூன்றாவதுக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை. நல்லவேளை, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு நடந்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவன் அரளவே இல்லை, தங்கச்சிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான், அவ்வளவுதான்.

தண்ணீர் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை என்றே எல்லோரிடமும் சொன்னான். உண்மையைச் சொன்னால் தேசப்பனைக் கொன்றது அவள் வாங்கிய சத்தியம் என்று ஆகிவிடும். ஒரு வருஷமாக அதை முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திரிந்தான். பட்டறையில் சம்மட்டி ஓயும் இடைவெளியில்கூட "மச்சான்" என்று கேட்கும். கூட வேலை செய்கிறவர்கள், ஆள் சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

மடு சின்னதுதான். பாசி பிடித்த பாறைக்குக் கீழே பச்சையாகக் கிடந்தது. அன்றைக்கு உடலைத் தூக்கிக்கொடுத்த வரதன் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். ஆளை அடையாளம் கண்டு கிட்டே வந்தான்.

"இன்னா நைனா, இந்தம்மாதானா? பாவம். அன்னிக்கு நான் மேல ஆடு ஓட்டிக்கினு இருந்தேன். மச்சான் மச்சான்னு ரெண்டு தபா எனுக்கே கேட்டுது. மூணாவதுக்குக் காதக் குடுத்துக்கினே நின்னேன், வரல. பேய்தான்னு போய்ட்டேன். நீ பாதைலதான இருந்த, உனுக்குக் கேக்கல?"

குணசுந்தரி திரும்பி அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

"தண்ணி சத்தம். ஒண்ணும் கேக்கல" என்றான் துளசிராமன்.

அவள் கற்பூரம் ஏற்றினாள். ஒரு கை பொங்கலை மடுவில் போட்டாள். "போலாம்ணா" என்று எழுந்து, வந்தபடியே முன்னால் நடந்தாள். நம்பிவிட்டாள் என்று அவனுக்கு மூச்சு வந்தது.

கற்குவியலை நெருங்கும்போது பின்னாலிருந்து, மடுவின் பக்கமிருந்து, "மச்சான்" என்று ஒரு ஆண்குரல் கூப்பிட்டது. காணும் பொங்கல் கூட்டத்தில் மச்சான்களுக்கா பஞ்சம்? யாரோ யாரையோ கூப்பிட்டிருக்கலாம். துளசிராமனின் உதடுகள் தாமாகவே இறுகிக்கொண்டன.

"தோ வந்துட்டேன்யா!"

கத்தியது குணசுந்தரி. பானை கீழே விழுந்து உடைந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை. அவனை இடித்துக்கொண்டு, கற்களில் தாவித் தாவி, வந்த வழியே ஓடினாள். அவன் மூச்சிரைக்க மடுவுக்கு வந்து சேர்ந்தபோது வரதனைக் காணோம், ஆடுகளையும் காணோம். அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, எதையோ கேட்பதற்காகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"குணா!" என்று கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. ஒரு அடி உள்ளே வைத்தாள்.

"குணா!"

மூன்றாவது தடவைக்கு வாயைத் திறந்தான். தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. தண்ணீர் அவள் இடுப்புக்கு ஏறியிருந்தது.