ஒருவருக்கு மாற்றாக இருவர்

ஆற்றங்கரைப் பேஸ்பால் கழகத்தின் தேர்வுக்குழுவில் மூன்றே மூன்று வாக்குகள். ஒன்று தலைவர் கென்னுடையது. இன்னொன்று, சென்னையிலிருந்து மெல்பேர்னுக்கு வேலைக்கு வந்து, வந்த இடத்தில் அணி மேலாளராகவும் ஆகிவிட்ட மகாதேவனுடையது. மூன்றாவது, செயலாளர் யோகராணியுடையது. 1978 ஆகஸ்டின் அந்தக் குளிர்ந்த சனிக்கிழமைப் பிற்பகலில், முதல் இரண்டும் எதிரெதிரே நின்றுவிட்டன. மூன்றாவது வாக்கு தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு வாய்மூடி அமர்ந்திருந்தது.

பேரம் இதுதான். வடகரைக் கழகம் இவர்களுடைய மூத்த பந்தெறியாளரைக் கேட்கிறது. மாற்றாக இரண்டு இளைஞர்களைத் தருகிறது. ஒருவன் பத்தொன்பது வயது இடக்கையன். மின்னலாய் எறிவான், பந்து எங்கே போகும் என்பது மட்டும் அவனுக்கே தெரியாது. மற்றவன், மட்டைக்காரனுக்குப் பின்னே குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவன். கை சுத்தம், அடிப்பதில் அரைகுறை. கேட்கப்பட்ட மூத்தவருக்கோ முப்பத்தொன்பது வயது. வேகம் போய்விட்டது, வளைவு போகவில்லை. யாழ்ப்பாணத்துக் கல்லூரி மைதானத்தில் கிரிக்கெட் பந்தைச் சுழற்றிப் பழகிய அந்த மணிக்கட்டு, இங்குள்ள பேஸ்பால் மட்டைகளை இன்னும் வெறுங்காற்றில் வீச வைத்துக்கொண்டிருந்தது.

அந்த மூத்தவர் யோகராணியின் கணவர். திருமணமாகிய நாளிலிருந்து அவருடைய பெயரை அவள் ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை.

கணவன் பெயரை மனைவி உச்சரிக்கக் கூடாதென்று எந்த மன்றம் தீர்மானம் போட்டது? எந்த நீதிபதி தீர்ப்பெழுதினார்? எவரும் எழுதவில்லை. எழுதப்படாத சட்டத்துக்கு மேல்முறையீடும் கிடையாது. அதனால்தான் அது கடல் கடந்தும் செல்லுபடியாகிறது. வாரந்தோறும் அடுத்த ஆட்டத்துக்கான பெயர்களை வாசிப்பது செயலாளரின் வேலை. வாசிக்கும் ஒவ்வொரு பெயரையும் மூவரும் அலசுவார்கள். இவனுக்கு முழங்கால் சரியில்லை, அவன் பயிற்சிக்கு வரவில்லை என்று அடித்துக்கொள்வார்கள். யோகராணி மட்டும், "முதலாவது ஆள் வழக்கம்போல" என்று தொடங்கி இரண்டாவது பெயரிலிருந்துதான் வாசிப்பாள். கென் தலையசைப்பார். இப்படியே இரண்டு பருவங்கள் கழிந்தன. பெயர் சொல்லப்படாத மனிதர் எடைபோடப்படாமலே எல்லா ஆட்டங்களிலும் ஆடிவிட்டார்.

"நாம் புள்ளி அட்டவணையின் அடியில் கிடக்கிறோம்" என்றார் கென். "முப்பத்தொன்பது வயதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? வடகரை இறுதிப்போட்டியின் வாசலில் நிற்கிறது. அவரால் அவர்களுக்கு இந்த மாதமே பயன். பையன்களால் நமக்கு இன்னும் சில ஆண்டுகளில் பயன்."

"ஆமா, பெரிய பயன்!" என்றார் மகாதேவன். "அந்த இடக்கையன் எறிஞ்சா அம்பயருக்கே ஹெல்மெட் வேணும். அடுத்த வருஷம் ஃபுட்பால் ஆடறேன்னு ஓடிட்டான்னா? கையில இருக்கற ஆளைக் குடுத்துட்டு, வருவானோ மாட்டானோன்னு வாசலைப் பாத்துட்டு நிக்கச் சொல்றீங்களா?" பிறகு யோகராணியின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "வேணாம்மா. வீட்டுக்குப் போனா யார் சமாதானம் சொல்றது? மனுஷன் உடைஞ்சு போயிடுவார்."

அந்த அச்சம் அவளுக்கும் இருந்தது. இந்த ஊரில் அவருக்கு வாய்த்த ஒரே கொண்டாட்டம் இந்த மைதானம். அதையும் கட்டிய மனைவியே பறிப்பதா?

கென் மென்மையாகச் சொன்னார்: "யோகா, நீ வாக்களிக்காமல் இருக்கலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள்."

தப்பிக்க ஒரு கதவு திறந்துதான் கிடந்தது. ஆனால் ஆட்டத்தை ஒவ்வொரு பந்தாகப் பார்த்தவள் அவள். இடக்கையனிடம் இருப்பது திருத்தக்கூடிய குறை. கணவரின் தோளில் இருப்பது திருத்த முடியாத வயது. பிடிப்பவன் நல்லவனாய் அமைந்தால் எறிபவனும் நிதானப்படுவான். அதனால்தான் இருவரும் சேர்ந்து வருவது இரட்டிப்பு ஆதாயம். வேறெவருடைய கணவராக இருந்தாலும் இந்நேரம் கையைத் தூக்கியிருப்பாள். பிறகென்ன தயக்கம்? மனைவி என்பதற்காக வாய்மூடி இருக்கவா இவர்கள் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள்?

"நானே முன்மொழியிறன்" என்றாள்.

"முன்மொழிபவர் ஆட்டக்காரரின் முழுப்பெயரைச் சொல்லவேண்டும். விதி அப்படி" என்றார் கென்.

"ஆரெண்டு எல்லாருக்கும் தெரியும்தானே?"

"எங்களுக்குத் தெரியும். விதிக்குத் தெரியாது."

அவள் கோப்பையை மேசையில் வைத்தாள். "சச்சிதானந்தனை வடகரைக் கழகத்துக்கு விடுவிக்கிறதெண்டும், அந்த ரெண்டு பேரையும் ஏற்கிறதெண்டும் முன்மொழியிறன்."

மகாதேவனின் பிஸ்கட் தேநீருக்குள் விழுந்தது. இடி விழவில்லை. அறைமூலையில் கணப்படுப்பு முன்போலவே இரைந்துகொண்டிருந்தது. தீர்மானம் இரண்டுக்கு ஒன்றாக நிறைவேறியது.

வெளியே, பந்தெறிபவர் நிற்கும் எறிமேட்டின் மண்ணைச் சச்சிதானந்தன் வாரியால் சமப்படுத்திக்கொண்டிருந்தார். அவரை நோக்கி நடந்த அந்தக் கொஞ்சத் தூரத்தில் அவள் நான்கு விதமாகப் பேச்சைத் தயாரித்தாள். அருகே வந்ததும் நான்கும் மறந்துபோயின.

"இஞ்சாருங்கோ, உங்களைக் குடுத்துப்போட்டம்."

வாரி நின்றது. "ஆருக்கு?"

"வடகரைக்கு."

"சும்மாவோ?"

"இல்லை. ரெண்டு பேருக்கு. அந்த இடக்கைக்காரனும், பிடிக்கிற பெடியனும்."

"இடக்கைக்காரனையுமோ!" வாரியைக் கீழே போட்டார். "அவங்களுக்கென்ன விசரே? எனக்கு ரெண்டு பேரோ?" அவருடைய முகம் மலர்ந்துகொண்டே போனதை அவள் நம்பாமல் பார்த்தாள்.

"கோவம் இல்லையோ?"

"கோவமோ? உடுப்பு மாத்திற அறையில என்ன கதைக்கிறவங்கள் தெரியுமே? 'சச்சிக்கு வளைவுப் பந்து எதுக்கு, பெண்சாதி செயலாளரா இருந்தாலே காணும்' எண்டு. ரெண்டு வருசமாக் கேட்டுச் சிரிச்சுக்கொண்டுதான் இருந்தனான். பெண்சாதி போட்ட பிச்சையில ஆடுறனோ, என்ர கையால ஆடுறனோ எண்டு எனக்கே தெரியேல்லை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா உடன நிப்பாட்டியிருப்பீர். சும்மா வீட்டில குந்தியிருந்திருப்பன். இப்ப விலையோட போறன் பாரும்!"

மரியாதையென்று அவள் பொத்திவைத்த மௌனம் அந்த மனிதரை எவ்வளவு மலிவாக்கியிருந்தது! யோகராணிக்குச் சுட்டது. ஆனால் அவர் தோளைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்த உற்சாகத்தைக் கண்டதும், நெஞ்சிலிருந்த கல் நழுவிப் போய்விட்டது.

"ஆர் முன்மொழிஞ்சது?" என்று கேட்டார் அவர்.

"நான்தான்."

"பேர் சொல்லியோ?"

"விதி அப்பிடி."

"ஐயோ, எனக்குக் கேக்கேல்லையே! ஒருக்காச் சொல்லும் பாப்பம்."

வாரியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "வடகரையோட எங்களுக்கு ஒரு மாட்ச் இருக்கு. எங்கட இடக்கைக்காரன் உங்களை அவுட்டாக்கேக்க, வேலிக்கரையில நிண்டு முழுப்பேரையும் கத்திச் சொல்லுறன்."

"அவன் எறிஞ்சோ?" சச்சிதானந்தன் வாய்விட்டுச் சிரித்தார். "எனக்கு ஹெல்மெட் வாங்கித் தாரும் முதல்ல!"