ரம் ஆலைகளைத் தேடிப் போன வடிவு

மொரீசுத் தீவிலிருந்து திரும்பி வந்த ஆவடிக்காரர் ஒருவர் சொன்னதுதான் ஆரம்பம்.

"உன் ஊட்டுக்காரன் துலுக்கானம் உசுரோடதான் கீறாம்மா. ரம் காய்ச்சற ஆலையில வேலைன்னு காதுல வுழுந்துது. எந்த ஆலைன்னு தெரியாது. அந்தத் தீவுல ஆலைக்கா பஞ்சம்?"

வடிவு அப்போது பூந்தமல்லியில் பட்டாளத்து டாக்டர் ஒருவர் வீட்டில் ஆயாவாக இருந்தாள். கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பலேறிய புருஷனிடமிருந்து வருஷக்கணக்காக ஒரு சேதியும் இல்லை. செம்பரம்பாக்கம் ஏரிப் பாய்ச்சலில் நாற்று நட்டுப் பிழைத்த நாத்தனார் வேம்புலியம்மாள்தான் அவளுக்கிருந்த ஒரே துணை. டாக்டருக்கு அந்தத் தீவுக்கே மாற்றல் வந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள நீயும் வருகிறாயா என்று துரைசாணி கேட்டு முடிப்பதற்குள் வடிவு தலையாட்டிவிட்டாள்.

கப்பலில் முதலில் குடலே வெளியே வந்துவிடும் போலிருந்தது. பிறகு பழகிவிட்டது. மேல்தட்டில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, ஊர் ஏரி கரையை உடைத்துக்கொண்டு உலகம் முழுக்கப் பரவிவிட்டதாகவும், தான் அதன் நடுவில் ஒரு தக்கையாக மிதப்பதாகவும் தோன்றும். பயமாக இல்லை.

தீவில் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. ரயிலேறியும், கரும்பு வண்டிக்காரர்களைக் கெஞ்சியும் ஆலை ஆலையாகப் போய் விசாரித்தாள். முதல் ஆலை கடலோரத்தில் இருந்தது. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுத்த பாகு, பெரிய பெரிய மரத்தொட்டிகளில் பொங்கிக்கொண்டிருந்தது. புளித்த நீராகாரமும் வெல்லமும் கலந்த வாசனை. அங்கே வேலை செய்தவர்களில் பாதிப் பேர் தமிழ் பேசினார்கள். துலுக்கானம் என்று யாரும் இல்லை என்றார்கள். அடுத்தது மலைச்சரிவில். மேகம் கூரைமேலேயே உட்கார்ந்திருந்தது. எது ஆவி, எது மேகம் என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. செப்புக் கொப்பரைக்குள் கொதித்தது ஆவியாகி, குளிர்ந்த தண்ணீருக்குள் சுற்றிச் சுற்றிப் போகும் குழாய் வழியாக மறுமுனையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. வந்த காரியத்தை மறந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆற்றங்கரை ஆலையில்தான் துலுக்கானம் இருந்தான். கரும்புச் சக்கையை அடுப்பில் தள்ளிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்துக் கையிலிருந்ததைக் கீழே போட்டான்.

"வடிவு? நீ எப்படி இங்க?"

"உன்னப் பாக்கத்தான்யா வந்தேன்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எனக்கு இங்க ஊடு கீது வடிவு. பொஞ்சாதி கீறா. ஒரு பொண்ணும் கீது."

வடிவு அவனைப் பார்க்க முடியாமல் அவனுக்குப் பின்னாலிருந்த கொப்பரையையும் அதன்மேல் உயர்ந்து நின்ற செப்புக் கழுத்தையும் பார்த்தாள். "இன்னாய்யா இது, கழுத்து இம்மாம் நீளமா கீது? மத்த ஆலையில குட்டையா இல்ல இருந்துது?"

துலுக்கானம் திகைத்தான். பிறகு, ஏதோ பேசக் கிடைத்ததே என்பது போல மெதுவாகச் சொன்னான்: "நீளமா இருந்தா சரக்கு லேசா எறங்கும். குட்டையா இருந்தா கனமா எறங்கும்."

கீழே போட்ட சக்கையை அவன் குனிந்து எடுத்தான்; அவள் புறப்பட்டாள். திரும்பும் வழியில், இருபுறமும் கரும்பு ஆள் உயரத்துக்கு அசைந்துகொண்டிருந்த பாதையில், ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கேட்பாரில்லை. அழுது தீர்ந்தபின் எழுந்து நடந்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் கால்கள் தெற்கே ஒரு ஆலைக்குப் போகும் வண்டியில் ஏறின. இனி யாரையும் தேட வேண்டியதில்லை என்பது பாதி வழியில்தான் உறைத்தது. இறங்கிவிடலாமா என்று நினைத்தாள். காற்றில் பாகு வாசனை வந்தது. இறங்கவில்லை. அந்த ஆலையில் தொட்டி கழுவும் கிழவி ஒருத்தி, அவள் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, சிரட்டையில் கொஞ்சம் ரம் பிடித்துக் கொடுத்தாள். டாக்டருக்கு மீண்டும் மாற்றல் வரும்வரை வடிவு அந்தத் தீவில் ஓர் ஆலையையும் விடவில்லை.

ஊர் திரும்பியதும் வேம்புலியம்மாள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "அண்ணாத்தே எப்படி கீறாரு, அண்ணி?"

"நல்லா கீறாரு. அங்கயே குடும்பம் ஆயிடுச்சி."

வேம்புலியம்மாள் அண்ணனைத் திட்டித் தீர்த்தாள். ஓய்ந்த பிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அந்த ரம்ம நீ குடிச்சியா?"

"ஒரு வாய். மொதல்ல நெருப்பு. அப்பாலிக்கா தொண்டையில பூ பூத்த மாரி இருந்துது." வடிவு சிரித்தாள். நாத்தனாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மழைக்காலம் முடிந்ததும் ஜமைக்காவுக்குப் போகவிருந்த வேறொரு துரைசாணி, அனுபவப்பட்ட ஆயா வேண்டும் என்று ஆளனுப்பினாள். சம்பளம் எவ்வளவு, எத்தனை வருஷம் என்று வடிவு கேட்கவில்லை.

"அந்த ஊர்ல கரும்பு கீதாம்மா?"

கரும்பைத் தவிர அங்கே வேறென்ன இருக்கிறது என்றாள் துரைசாணி.

புறப்படும் நாளன்று வேம்புலியம்மாள் மாங்காட்டு அம்மன் குங்குமத்தை அவள் நெற்றியில் வைத்துவிட்டு, மாட்டுவண்டியின் பக்கத்திலேயே நடந்து வந்தாள்.

"இந்தத் தபா யாரத் தேடிகினு போறே அண்ணி?"

"யாரயும் இல்ல, வேம்பு. சும்மா பாத்துட்டு வரேன்."

வண்டி பட்டணத்துச் சாலையில் திரும்பியது. பனிமூட்டத்தில் புளியமரங்கள் ஒவ்வொன்றாக விலகிப் போயின. வடிவு மூட்டையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.