ஏழாவது நிபந்தனை

நெலிடா அந்த அறிவிப்பை மூன்றாவது முறையாகப் படித்தாள். முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு இரண்டு வருட ஆராய்ச்சிப் பணி. இடம், பிஸ்கோ கடலியல் நிலையம். கடலில் யார் யாரைத் தின்று பிழைக்கிறார்கள், நெத்திலி குறைந்துபோனால் எந்தப் பறவை முதலில் பட்டினி கிடக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அவள் ஏழு வருடம் செய்த வேலையே அதுதான். தீவுகளில் நீர்க்காகங்கள் கக்கிப்போடும் உருண்டைகளைப் பொறுக்கிவந்து, உள்ளே கிடக்கும் மீன் எலும்புகளைப் பிரித்து எண்ணுவாள். பட்டம் வாங்கியும் வேலை அமையாமல், இப்போது பள்ளிக்கூடம் ஒன்றில் மணிக்கு இவ்வளவு என்ற சம்பளத்தில் உயிரியல் நடத்திக்கொண்டிருந்தாள்.

நிபந்தனைகள் ஏழு. ஆறு அவளுக்கு அப்படியே பொருந்தின. ஏழாவதில்தான் இடித்தது. கடலுக்கடியில் மூழ்கி வேலைசெய்யும் சான்றிதழ் கட்டாயம்.

"பறவை கக்கினதை எண்ணுறதுக்கு எதுக்குடி தண்ணிக்குள்ள முங்கணும்?" என்றாள் அவளுடைய அக்கா ஒட்டிலியா. படகுத்துறையில் செவிச்சே கடை வைத்திருப்பவள். பேசிக்கொண்டே மீனை நறுக்கி எலுமிச்சைச் சாற்றில் போட்டாள்.

"அதான் நானும் கேக்குறேன். இது யாருக்கோ அளவெடுத்துத் தைச்ச சட்டைக்கா."

"யாருக்காம்?"

"ரென்சோவுக்கு. வேற யாருக்கு?"

ரென்சோ, மீன்மாவு ஆலை மேலாளரின் மகன். அவனும் முனைவர்தான். கடலுக்கடியில் எடுத்த படங்களை வாரம் தவறாமல் ஊருக்குக் காட்டுகிறவன். இந்த ஆராய்ச்சிக்குப் பாதிப் பணம் கொடுப்பது அந்த ஆலை.

"போன மாசம் உங்க தந்தலியானும் அந்த மேலாளரும் இங்கதான் உக்காந்து சாப்பிட்டாங்க" என்றாள் ஒட்டிலியா.

நெலிடா நிமிர்ந்தாள். பேராசிரியர் தந்தலியானிடம்தான் அவள் ஆய்வு செய்து பட்டம் வாங்கினாள். இந்த ஆராய்ச்சியை நடத்தப்போவதும், அறிவிப்பை எழுதியதும் அவர்தான். "என்ன பேசினாங்க?"

"காரம் கம்மியா போடச் சொன்னாங்க."

"அக்கா!"

"நான் மீன் விக்கிறேன்டி, ஒட்டுக்கேக்கல. ஆனா ஒண்ணு. நான் தட்டை வைக்கப் போனதும் ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டாங்க."

அதுவரை புகைந்துகொண்டிருந்தது இப்போது பற்றிக்கொண்டது. நெலிடா ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அறிவிப்பு வந்து பத்து நாளாகியும் தந்தலியான் ஒரு போன் செய்யவில்லை. சந்தையில் எதிரே பார்த்தபோது வெங்காயம் பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டார். ஏழு வருடம் கூடவே படகில் வந்தவளிடம் 'விண்ணப்பம் போடு' என்று சொல்ல ஒரு வார்த்தையா இல்லை?

அன்றே தலைநகர் லிமாவிலிருக்கும் தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதினாள். வேலைக்குச் சம்பந்தமில்லாத நிபந்தனை, ஒருவருக்காகவே எழுதப்பட்ட அறிவிப்பு, பேராசிரியருக்கும் ஆலைக்கும் உள்ள நெருக்கம். பெயரையும் மறைக்கவில்லை. மூன்றாம் வாரம் அறிவிப்பு ரத்தானது. அடுத்த நாள் தந்தலியான் அவளை வரச்சொன்னார்.

உட்காரச் சொல்லவில்லை. புகாரின் நகல் மேசைமேல் கிடந்தது.

"உன் சந்தேகம் சரி. ஒரே ஆளுக்காகத்தான் எழுதினேன்."

"ரென்சோவுக்கு."

"உனக்கு."

நெலிடா மேசைமேல் கிடந்த நகலைப் பார்த்தாள்.

"பையனை எடுத்துக்கோன்னு ஆலைக்காரன் நச்சரிச்சான். அன்னைக்குச் சாப்பிடக் கூப்பிட்டதும் அதுக்குத்தான். நேரா முடியாதுன்னா பணத்தை நிறுத்திடுவான். அதான் தீவுல மூணு வருஷம், பறவை உருண்டை, படகு ஓட்டுற உரிமம்னு ஒவ்வொண்ணா சேர்த்தேன். அவன்கிட்ட அதுல ஒண்ணும் கிடையாது."

"முங்குற சான்றிதழ்? அது அவன்கிட்டதானே இருக்கு?"

"அவன்கிட்ட இருக்கிறதுல ஒண்ணையாவது சேர்த்தாத்தானே ஆலைக்காரனுக்குச் சந்தேகம் வராது. நீயும் அந்தப் பயிற்சிக்குப் போனியே! லீவு கேட்டு என்கிட்டதானே கையெழுத்து வாங்கின?"

"ரெண்டாம் நாளே காது வலி தாங்காம விட்டுட்டேன், டாக்டர்."

"என்கிட்ட சொல்லலையே."

"நீங்க கேக்கலையே. அறிவிப்பு வந்தப்புறமும் ஒரு வார்த்தை பேசலையே."

"பேசியிருந்தா, ஒரு ஆளை மனசுல வெச்சு எழுதினான்னு நாளைக்கு யாராவது புகார் கொடுத்திருப்பாங்க." நகலை மடித்து இழுப்பறையில் போட்டார். "புது அறிவிப்பு வரும். தேர்வுக் குழுவுல நான் இருக்க மாட்டேன். நீங்க போகலாம்."

'நீங்க' என்றது வாசலைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஏழு வருடத்தில் அவர் அவளை அப்படிச் சொன்னதே இல்லை.

"நம்புறியா அவரை?" என்று ஒட்டிலியா அன்று மாலை கேட்டாள்.

"தெரியலக்கா. மாட்டிக்கிட்டப்புறம் கட்டின கதையாவும் இருக்கலாம்."

"நிஜமா இருந்தா?"

"நிஜமாவே இருந்தாலும் தப்புதானே? எனக்காகப் பண்ணினா மட்டும் சரியாயிடுமா?" கோபமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

புது அறிவிப்பில் நிபந்தனைகள் மூன்றே. பதினான்கு பேர் விண்ணப்பம் போட்டார்கள், ரென்சோவும் போட்டான். லிமாவிலிருந்து வந்த குழு இரண்டு நாள் கேள்வி கேட்டது. பட்டியலை ஒட்டியபோது நெலிடா முதலில் இருந்தாள், இரண்டே மதிப்பெண் வித்தியாசத்தில். அடுத்து வந்தவள் வல்பரைசோ நகரத்துக்காரி. ரென்சோ ஆறாவது. பட்டியலிலிருந்த மதிப்பெண்களை நெலிடா இரண்டு முறை கூட்டிப்பார்த்தாள். யாரோ ஏற்றிப் போட்டிருப்பார்களோ என்று தன் மதிப்பெண்ணையே சந்தேகப்பட்டாள்.

ஆலை அடுத்த வருடப் பணத்தை நிறுத்தியது. தந்தலியான் லிமாவுக்கு நான்கு முறை அலைந்து வேறு இடத்தில் வாங்கிவந்தார். அதையும் அவர் அவளிடம் சொல்லவில்லை. அலுவலகக் கிளார்க் சொல்லித்தான் தெரிந்தது.

வேலையில் சேர்ந்து முதல் தடவை தீவுக்குப் போனபோது படகில் அவர்கள் இரண்டு பேர்தான். காற்று எதிர்த்து அடித்தது. பாதி வழியில் அவர் பையிலிருந்து பொரித்த மீன் வைத்த ரொட்டியை எடுத்து, இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை நீட்டினார்.

"சாப்பிடுங்க. தீவுல ஏறினா மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் கிடையாது."

வாங்கிக்கொண்டாள். அவர் முதலில் கடிக்கட்டும் என்று தன் கை காத்திருப்பதை அப்போதுதான் கவனித்தாள். ரொட்டியைக்கூடவா சந்தேகப்படுகிறோம் என்று முகம் சூடானது. கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, பெரிய வாயாகக் கடித்தாள்.