மூன்று திருத்தங்கள்

லிஃப்ட் மெக்கானிக்கின் மகள் ரஃப் நோட்டில் எழுதிக்கொண்டு வந்த விடையில் டீச்சர் சிவப்புப் பேனாவால் மூன்றே இடத்தில்தான் கைவைத்தாள். விட்டுப்போன ஒரு கமா, ஒரு எழுத்துப்பிழை, இறந்தகாலத்தில் இருக்கவேண்டிய ஒரு வினைச்சொல். மற்றதெல்லாம் அந்தப் பதினைந்து வயதுக்காரியே எழுதியது.

ஆங்கிலப் பாடத்தில் ஒரு கதை. மகன் போரில் செத்த செய்தி வந்த கடிதத்தைத் தாய் நெருப்பில் போடுகிறாள். ஏன் என்பது கேள்வி. கோபத்தால் என்று வகுப்பே எழுதும். இவளோ, ‘கடிதம் இருந்தால் யாராவது மறுபடி படிப்பார்கள். படிக்கும்போதெல்லாம் அவன் புதிதாகச் சாவான்’ என்று எழுதியிருந்தாள்.

டீச்சர் அந்த வரியை இன்னொருதரம் படித்தாள். “யாரும்மா சொல்லிக் கொடுத்தது?”

“யாருமில்ல டீச்சர். அம்மா போனப்ப ஆஸ்பத்திரி குடுத்த பேப்பரை அப்பா இப்படித்தான் கிழிச்சுப் போட்டாரு.”

டீச்சர் அதே பள்ளியில் கீழ்வகுப்புகளுக்குத் தற்காலிக ஆசிரியை. பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் சொல்லித்தரக் கூடாது என்பது கண்டிப்பான விதி. எதிர்வீடு, தாயில்லாப் பிள்ளை என்று மனசு கேட்காமல் இரண்டு வருஷமாகக் காதும் காதும் வைத்தாற்போல் கிராமர் சொல்லிக் கொடுத்துவந்தாள்.

அடுத்த வாரம் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல், அந்த விடையைத் திருத்தி எழுதி அந்தப் பெண் வகுப்பில் கொடுத்த தாள்.

“இது சின்னப் பிள்ளை எழுதுற எழுத்தா? எங்கிருந்தோ காப்பியடிச்சிருக்கா. கேட்டா யாரும் உதவி பண்ணலைங்கிறா. நீங்க எதிர்வீடாமே. சொல்லிக் குடுக்குறீங்களா?”

டீச்சர் அந்தத் தாளைப் பார்க்காமல் சொன்னாள். “இல்ல மேடம். பார்த்தா சிரிப்பேன், அவ்வளவுதான்.”

அன்று சாயங்காலம் மெக்கானிக் கையிலிருந்த கிரீஸைக்கூடக் கழுவாமல் வந்து நின்றார்.

“நீங்க திருத்தின ரஃப் நோட்டு இருக்குல்ல, அதைக் காட்டினா இவதான் எழுதினான்னு தெரிஞ்சுடும். காட்டுடீன்னா மாட்டேங்கிறா. டீச்சர் வேலை போயிடுமாம். நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா.”

“யோசிக்கிறேண்ணா.”

மூன்று நாள் யோசித்தாள். நான்காம் நாள் காலை அந்தப் பெண் மொத்தப் பள்ளியின் முன்னால் நின்று, காப்பியடித்ததாக ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கடிதம் வாசித்தாள், ஆங்கிலத்தில். டீச்சர் தன்னையறியாமல் பிழை தேடினாள். ஒன்றுகூட இல்லை. ஆசிரியர் வரிசையில் நிற்க முடியாமல் நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனாள்.

“எழுதினது அவதான் மேடம். நான் மூணு இடத்துல திருத்தினேன். ரெண்டு வருஷமா சொல்லிக் குடுக்குறேன்.”

“அவளே ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டா. பூஜ்யம் போட்டாச்சு, அது மாறாது. ஆனா நீங்க சொன்னதையும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

மதியத்துக்குள் வேலை போயிற்று.

அந்தப் பெண் பள்ளி விட்டு வந்ததும் வராததுமாக டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினாள். முகம் வீங்கியிருந்தது.

“இப்ப எதுக்கு டீச்சர் சொன்னீங்க? முன்னாடியே சொல்லியிருக்கணும், இல்ல கடைசிவரைக்கும் சொல்லாம இருந்திருக்கணும்.”

அவள் அப்படியே திரும்பிப் போய்விட்டாள். அப்புறம் வரவில்லை. கைடு ஒன்று வாங்கி, அதில் இருந்ததை வரிக்கு வரி நெட்டுருப்போட்டுப் பரீட்சை எழுதினாளாம். ஆங்கிலத்தில் முதல் மார்க் என்று மெக்கானிக் மாடிப்படியில் நின்று சொன்னார்.