நெட்டா அத்தையின் பாட்டு

ஸ்காட்லாந்தில் எங்கள் கிரீனாக் ஊரில் யாருடைய குடையை வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். அடுத்த மழைக்குள் திருப்பிக் கொடுத்தால் போதும். ஆனால் ஒருவருடைய பாட்டை மட்டும் தொடக் கூடாது. கல்யாணமோ சாவோ, சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு பாட்டு பாடுவோம். அவரவர் பாட்டு அவரவருக்கு. அதை இன்னொருவர் முணுமுணுத்தாலே முகம் சுளிப்பார்கள்.

எங்கள் ஊர்ப் பாடகி மார்வென் கெடஸ் முணுமுணுக்கவில்லை, இசைத்தட்டாகவே வெளியிட்டுவிட்டாள்.

லண்டனில் முதல் ஆல்பத்துக்கு ஒரு பாட்டு குறைந்தது. தன் அத்தை நெட்டா விசேஷங்களில் பாடும் படகுப் பாட்டைக் கொஞ்சம் துள்ளவிட்டுப் பாடிக் கொடுத்தாள். சீக்கிரமே வானொலி, டாக்சி, பல் மருத்துவரின் வரவேற்பறை, எங்கும் அதுதான். மார்வென் நட்சத்திரமானாள். அத்தை அவளோடு பேசுவதை நிறுத்தினாள்.

"நான் பாட எழுந்தா, 'ஓ, மார்வென் பாட்டா'ன்னு கேக்கறாங்க. என் பாட்டே எனக்கு இரவலாப் போச்சு!" என்று கடைத்தெருவெல்லாம் சொன்னவள், அதற்குப்பின் பாடவே இல்லை.

சில வருடங்கள் போயின. தம்பி ரோரியின் கல்யாணத்துக்காக ஜப்பான் கச்சேரிகளை ஒத்திப்போட்டுவிட்டு மார்வென் வந்தாள். அவளுக்கு ஒரே கவலை: அத்தை பேசுவாளா?

புல்தரையில் பந்துருட்டி ஆடும் பௌலிங் கிளப்பின் கூடத்தில் சாப்பாடு முடிந்து தேநீர் வந்தது. பாட்டு முறையை நடத்துபவர் டூகல் சித்தப்பா. அவர் கடைசியில்தான் பாடுவார்; அதற்குள் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள், அவர் பாட்டு எதுவென்றே பலருக்குத் தெரியாது.

"எழுந்திரு மார்வென்! அந்தப் படகுப் பாட்டு!" என்றார் அவர். கூடமே மேசையைத் தட்டியது. அத்தை தட்டிலிருந்த சாஸேஜ் ரோலைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே இருந்தாள்.

மார்வென் எழுந்தாள். "அது என் பாட்டு இல்ல. அத்தையோடது. அவங்க பாடட்டும்."

"ஏன், உனக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" என்றாள் அத்தை, தட்டைப் பார்த்தபடியே.

"கேக்காம எடுத்துட்டேன் அத்தை. உங்க முன்னாடி பாட வெக்கமா இருக்கு."

"டிவில கயித்துல தொங்கிக்கிட்டுப் பாடினியே, அப்ப வரலியா அந்த வெக்கம்?"

கூடம் வெடித்துச் சிரித்தது. அத்தை மடியிலிருந்த துகளைத் தட்டிவிட்டு எழுந்து பாடினாள். துள்ளல் இல்லை, அலை மாதிரி மெதுவாக. இசைத்தட்டில் படகு போனதோடு பாட்டு முடிந்துவிடும். அத்தை பாடிய மூன்றாவது சரணத்தில் படகு திரும்பி வந்தது.

"அந்தச் சரணத்தை ஏன்டி விட்ட?"

"மூணு நிமிஷத்துல முடிக்கச் சொன்னாங்க அத்தை."

"அவசரக்காரி! சரி, உன் பாட்டைப் பாடு."

மார்வெனுக்கென்று ஒரு பாட்டு இல்லை. ஆல்பத்தில் இருந்த மற்றதெல்லாம் யாரோ எழுதிக் கொடுத்தவை. சிறுவயதில் தெருமுனையில் கேட்ட ஐஸ்கிரீம் வண்டியின் மெட்டுதான் நினைவுக்கு வந்தது. கரண்டியால் கோப்பையைத் தட்டிக்கொண்டு அதைப் பாட ஆரம்பித்தாள்.

"ஏய்! நிறுத்து! அது என் பாட்டு!" என்று துள்ளி எழுந்தார் டூகல் சித்தப்பா.

மார்வென் கரண்டியைக் கீழே வைத்தாள். மறுபடியுமா?

"உட்காருடா டூகல்," என்றாள் நெட்டா அத்தை. "இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது அதைச் சுதியோட பாடியிருக்கியா? என் மருமக பாடறா. வாயை மூடிக்கிட்டுக் கேளு."

மார்வென் முழுசாகப் பாடி முடித்தாள். டூகல் சித்தப்பா அவளோடு பேசுவதை நிறுத்தினார், கேக் வெட்டும் வரைக்கும்.