இரண்டு கம்ப்யூட்டர்களில் இறந்தவர்

அந்த நிறுவனத்தின் லாரி ஓட்டுநர் இரண்டு கம்ப்யூட்டர்களில் இறந்துபோயிருந்தார், மூன்றாவதில் இறக்கவில்லை. ஆகையால் தினமும் காலையில் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். மலைப்பாதையில் டயர் வெடித்து வண்டி உருண்டதில் அவர் உயிர் போனது பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. அடக்கத்துக்கு மானேஜரே வந்திருந்தார். ஓட்டுநரின் மனைவிக்கு அலுவலகத்தில் ஒரு வேலை போட்டுக் கொடுப்பதாக அங்கேயே வாக்குக் கொடுத்தார், சொன்னபடி கொடுக்கவும் செய்தார்.

ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்று வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்கும் நிறுவனம் அது. சம்பளப் பிரிவுக்கு ஒரு கம்ப்யூட்டர், கணக்குப் பிரிவுக்கு ஒன்று, டெலிவரிப் பிரிவுக்கு ஒன்று. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்களிடம் வாங்கியவை என்பதால், பாகம் பிரித்துக்கொண்டு பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பிகளைப் போல ஒன்றுக்குத் தெரிந்தது இன்னொன்றுக்குத் தெரியாது. எந்தத் தகவல் வந்தாலும் ஓட்டுநரின் மனைவி மூன்று நாற்காலிகளிலும் மாறி மாறி உட்கார்ந்து மூன்று தடவை அடிக்க வேண்டும். அதனால் அவளுக்கு மூணுதடவை அக்கா என்று பெயர் விழுந்தது. வாடிக்கையாளரான ஒரு பல் டாக்டர் வீடு மாறியதை அவள் ஒன்றில் மட்டும் அடித்துவிட்டு மற்ற இரண்டையும் மறந்தபோது, அந்த மாதம் முழுக்க டாக்டர் இரண்டு வீட்டிலும் குடியிருந்தார். இரண்டு வீட்டிலும் மின்சாரக் கட்டணம் ஏறுகிறதே என்று வந்து சண்டை போட்ட பிறகுதான் திருத்தினாள்.

கணவரின் விஷயம் மறதி அல்ல. வேலைக்குச் சேர்ந்த அன்று மேசையில் காத்திருந்த முதல் தகவலே அவர் இறந்த செய்திதான். சம்பளத்தில் அடித்தாள், கணக்கில் அடித்தாள். டெலிவரிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது கை வரவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டாள். மறுநாள் காலை அவர் ஜன்னலுக்கு வெளியே நின்று, டெலிவரிச் சீட்டுக்காகக் கையை நீட்டினார்.

"சீட்டு குடுங்க மேடம்."

அவர் கேட்டது அவ்வளவுதான். டெலிவரிக் கம்ப்யூட்டருக்கு அவருடைய லைசென்ஸ் தெரியும், லாரி தெரியும், ஊரிலுள்ள வாடிக்கையாளர் வீடெல்லாம் தெரியும். அவர் வீடு தெரியாது, மனைவி தெரியாது; அதெல்லாம் சம்பளப் பிரிவில் இருந்தன. எனவே அவர் எல்லார் வீட்டு வாசலிலும் வண்டியை நிறுத்தினார், தன் வீட்டைத் தாண்டும்போது மட்டும் கியரை மாற்றிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் வண்டியை ஷெட்டில் விட்ட பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. வருகைப் பதிவில் விரல் வைப்பதில்லை என்று காவலாளி இரண்டொரு தடவை முணுமுணுத்தார். சம்பளம் கேட்காத ஊழியர் என்பதால் மானேஜர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் அப்படியே வருஷங்களை ஓட்டினாள். காலையில் சீட்டு நீட்டும்போது அவர் விரல் படும், அது போதும் என்று சொல்லிக்கொள்வாள். போதவில்லை. ஒரு தடவை மகளைக் கூட்டிக்கொண்டு போய் ஷெட் வாசலில் நிறுத்தினாள். "தள்ளி நில்லு பாப்பா, வண்டி பின்னால வருது," என்றார் அவர். அதன் பிறகு மகள் அந்தப் பக்கம் வரவே இல்லை.

மகள் காலேஜில் சேர்ந்த வருஷம், மூன்று கம்ப்யூட்டர்களையும் ஒன்றாக இணைக்க மானேஜர் ஒரு பெண்ணை வரவழைத்தார். கெட்டிக்காரப் பெண், எந்நேரமும் எதையாவது கொறித்துக்கொண்டே வேலை பார்ப்பாள்.

"இனிமே நீங்க ஒரு தடவை அடிச்சாப் போதும்க்கா. மத்த இடத்துக்கெல்லாம் அதுவே போயிடும்."

அலுவலகமே சந்தோஷப்பட்டது. மூணுதடவை அக்கா மட்டும் டெலிவரிக் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றுக்கொன்று ஒத்துவராத தகவல்களைத் திரை ஒவ்வொன்றாக நிறுத்திக் கேட்கும், விவரம் தெரிந்தவர் எது சரி என்று சொல்ல வேண்டும். அப்படித்தான் ஒரு மத்தியானம் அவள் கணவரின் முறை வந்தது.

"இவரு செத்துட்டார்னு ரெண்டு சொல்லுது, வேலையில இருக்கார்னு ஒண்ணு சொல்லுது. எதுக்கா சரி?"

ஜன்னலுக்கு வெளியே அவர் லாரியில் ஒரு ஃபிரிட்ஜைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். வேலையில் இருக்கிறார் என்றால் நாளைக்கும் வருவார், மேடம் என்று கூப்பிடுவார். இறந்துவிட்டார் என்றால் அந்தக் கூப்பிடுதலும் போய்விடும்.

"வீட்டு அட்ரஸ் சம்பளத்துல மட்டும்தானே இருக்கு. அது என்ன ஆகும்?"

"எங்க இல்லையோ அங்கயும் போய் நிரம்பிடும். அதுக்குத்தானேக்கா இணைக்கிறதே."

"பொண்டாட்டி, புள்ள விவரமெல்லாம்?"

"எல்லாமே."

வேலை இல்லை என்று ஆகிவிட்டால், வீடு தெரிந்த ஆள் வீட்டுக்குத்தானே வருவார் என்று அவளுக்குப் பட்டது. பிறகு, "செத்துட்டார்," என்றாள். இத்தனை வருஷத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள்.

வெளியே அவர் கயிற்றைப் பாதியில் விட்டார். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு லாரிச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, கேட்டைத் தாண்டி நடந்து போனார். மீதிக் கயிற்றைக் கிளீனர் கட்டினான்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது அவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். கதவுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருப்பதை நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இவ்ளோ நேரமா? சாவி கூட இல்லாம உக்காந்திருக்கேன்," என்றார்.

அவள் கதவைத் திறந்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். டம்ளர் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. காலேஜ் விட்டு வந்த மகள் பையோடு நடையிலேயே நின்றுவிட்டாள். அவர் அவளை ஒரு விருந்தாளியைப் பார்ப்பது போல் பார்த்து, உட்காரச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாப்பா தூங்கிட்டாளா?" என்று மனைவியிடம் கேட்டார். சம்பளப் பிரிவில் மகளுக்கு இன்னும் நாலு வயதுதான்.

மறுநாள் காலை அவள் எல்லாருக்கும் முன்னால் அலுவலகம் போய், மகளின் வயதைத் திருத்தினாள். ஒரே ஒரு தடவைதான் அடித்தாள். சாயங்காலம் வீட்டில் அவர் மகளைத் தன் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்துக்கொண்டிருந்தார்.